கேட்டதைக் காப்பதும் கைங்கரியமே

வீரநாராயணபுரம் என்று வழங்கிய காட்டுமன்னார்கோயிலில், மன்னனார் சந்நிதியில் தொண்டு செய்து வாழ்ந்தவர் நாதமுனிகள். ஒருநாள் யாத்திரையாக வந்த அடியார்கள் சிலர், குடந்தை ஆராவமுதப் பெருமானைப் போற்றும் பத்துப் பாசுரங்களை அந்தச் சந்நிதியில் பாடினார்கள். கேட்டவர்கள் பலர் இருந்திருக்கலாம். பாட்டின் முடிவில், இவை ஆயிரத்துள் பத்து என்னும் குறிப்பு இருப்பதைச் செவியில் வாங்கிக்கொண்டவர் நாதமுனிகள் ஒருவரே. மீதிப் பாசுரங்கள் எங்கே என்று வினவினார். பாடியவர்களுக்குத் தெரிந்தவை அந்தப் பத்து மட்டுமே.

அதன்பின் அவர் குடந்தைக்குச் சென்றதும், அங்கிருந்து திருக்குருகூரை அடைந்ததும், மதுரகவியாழ்வாரின் மரபில் வந்த பராங்குசதாசரிடம் கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பெற்று அதனைப் பன்னீராயிரம் முறை ஓதியதும், நம்மாழ்வாரின் அருளால் நாலாயிரமும் கிடைத்ததும் குருபரம்பரை நூல்கள் சொல்லும் வரலாறு. பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இசையோடு கற்பித்தார். இன்று மார்கழி விடியலில் ஒவ்வொரு பெருமாள் கோயிலிலும் ஒலிக்கும் தமிழ், ஒருவர் கவனத்தோடு கேட்டதாலும், கேட்டதைப் பிறருக்குக் கொடுத்ததாலும் தங்கிய தமிழ்.

சைவத்திலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. தில்லையில் பூட்டிய அறையில் இருந்த தேவார ஏடுகளில் பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டது. இராசராச சோழரும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சிய ஏடுகளை மீட்டார்கள். ஏட்டில் சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அப்பதிகங்களை எப்படிப் பாடுவது என்பதை அறிய, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணையே அவர்கள் நாட வேண்டியிருந்தது என்கிறது திருமுறைகண்ட புராணம். ஓலை காப்பாற்ற முடியாத ஒன்றை ஒரு பெண்மணியின் குரல் காப்பாற்றி வைத்திருந்தது.

இந்த இரண்டு வரலாறுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், இக்காலத்தில் இளையோர் பெரிதும் பேசும் 'பாட்காஸ்ட்' என்னும் வலையொலி மூத்தோருக்கு அந்நியமாகத் தோன்றாது.

வலையொலி என்பது யாது?

பக்தியின் ஒன்பது நெறிகளைப் பிரகலாதன் அடுக்கும்போது முதலில் வைத்தது சிரவணம், அதாவது கேட்டல். பரீட்சித்து மன்னன் தன் வாழ்நாளின் இறுதி ஏழு நாள்களையும் சுகமுனிவர் சொல்லக் கேட்டே கழித்தான். திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து, நாற்பத்திரண்டாம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். எழுத்து மங்கித் தெரியும் வயதிலும் செவி திறந்திருக்கும் என்பது பெரியோர் அறிந்த உண்மை.

வானொலி வந்தபோது இந்தச் சிரவணம் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. சென்னையில் அகில இந்திய வானொலி 1938லும், திருச்சிராப்பள்ளியில் 1939லும், கோயம்புத்தூரில் 1966லும் நிலையங்கள் தொடங்கப்பெற்றன. திருப்பாவை ஒலிக்கும் நேரத்தைக் கொண்டே மார்கழி வைகறையில் கோலமிட எழுந்த குடும்பங்கள் எத்தனையோ! எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு 1963இல் வெளிவந்தது. பின்னர் ஒலிநாடாக் காலம் வந்தது. கிருபானந்த வாரியார் சுவாமிகள் 1993இல் இறைவனடி சேர்ந்தபின்னும் அவர் குரல் கோயில் திருவிழாக்களில் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு அந்த நாடாக்களே காரணம். தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய தேவாரப் பதிகங்களும் அவ்வாறே ஒலிப்பேழையிலிருந்து இணையத்துக்கு ஏறி, உலகெங்கும் உள்ள அன்பர்களுக்குத் துணையாக நிற்கின்றன.

வானொலிக்கு ஒரு குறை உண்டு. அது ஒலிபரப்பும் நேரத்தில் கேட்பவர் காத்திருக்க வேண்டும், தவறவிட்டால் தவறியதுதான். வலையொலி அந்தக் குறையைத் தீர்த்தது. ஒருவர் பேச்சையோ பாட்டையோ பதிவு செய்து, பகுதி பகுதியாக இணையத்தில் ஏற்றி வைக்கிறார். கேட்க விரும்புபவர் தம் கைப்பேசியில் அதனை ஒருமுறை தெரிவு செய்துவிட்டால், வார இதழுக்குச் சந்தா கட்டியவருக்கு இதழ் வீடு தேடி வருவதுபோல, புதிய பகுதி தானாகவே வந்து சேரும். நள்ளிரவில் உறக்கம் வராதபோதும் கேட்கலாம். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம்.

2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்னும் பத்திரிகையாளர், 'ஐபாட்' என்னும் பாட்டுக் கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து இப்பெயரை எழுதினார். 2005 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடமளித்தது. அதே ஆண்டில் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி இதனை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது. தமிழில் வலையொலி என்ற அழகிய சொல் நிலைபெற்று வருகிறது.

மலைமீது ஒலிக்கும் குரல்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வால்பாறை. சுமார் 3,500 அடி உயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காடு திருத்தப்பட்டு, முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் பயிரான ஆனைமலைப் பகுதி. சமவெளி மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் கங்காணிமார் அழைத்துவந்த குடும்பங்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களுமே இன்றைய எஸ்டேட் மக்கள்.

இங்கே குரல் எவ்வளவு பெரிய துணை என்பதை யானைகள் கற்பித்திருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடுகள் எஞ்சியிருப்பதால், யானைக் கூட்டங்கள் அவற்றைக் கடந்தே செல்ல வேண்டும். மாலையில் கடைக்குச் சென்று திரும்புபவர் இருளில் யானையின் எதிரில் சிக்கிக்கொள்வதே பல உயிரிழப்புகளுக்குக் காரணமாக இருந்தது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர் எம். ஆனந்தகுமாரும் அவர்தம் குழுவினரும், வனத்துறையுடனும் எஸ்டேட் நிர்வாகங்களுடனும் இணைந்து ஒரு முன்னறிவிப்பு முறையை ஏற்படுத்தினார்கள். முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் யானை நிற்கும் இடம் எழுத்தாக ஓடியது. பின்னர் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போயிற்று. எழுத்து படிக்க இயலாதவர்களுக்காகத் தமிழில் பதிவு செய்த குரலே தொலைபேசி அழைப்பாக வந்தது. உயர்ந்த கம்பங்களில் சிவப்பு விளக்குகளும் எரிந்தன. உயிரிழப்புகள் குறைந்தன. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

நவீன ஆய்வகமோ பெரிய ஒலிபரப்பு நிலையமோ அன்று, தாய்மொழியில் பேசிய ஒரு குரல். அது உரிய செவியை உரிய நேரத்தில் சேர்ந்தது. பதிவு செய்த குரல் உயிரைக் காக்கும் என்பதற்கு வால்பாறையை விடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அதே மலையில் மற்றொன்று காப்பாரின்றி மறைந்துகொண்டிருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 90 ஆயிரத்தைத் தாண்டியிருந்த வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை, 2011இல் சுமார் 71 ஆயிரமாகக் குறைந்தது. எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த மூதாட்டி, மலையிறங்கிப் பிள்ளையின் வாடகை வீட்டுக்குச் செல்கிறார். பாத்திரம் பண்டங்கள் வண்டியில் ஏறிவிடும். அவர் பாடிய மாரியம்மன் தாலாட்டு எதில் ஏறும்?

சொந்த ஊரைவிட்டுப் பெயரும்போது குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துச் சென்று, போகுமிடத்தில் அதை வைத்துக் கோயில் எழுப்புவது தமிழகத்தின் பரவலான வழக்கம். தோட்டத்துக் கோயில்கள் பலவற்றுக்கும் கல்வெட்டு இல்லை. தலபுராணம் அச்சில் இல்லை. எந்த ஊர் மாரியம்மன் இங்கே வந்தாள், யார் கொண்டுவந்தார், முதற்பொங்கல் எப்போது வைக்கப்பட்டது என்பதெல்லாம் முதியோர் நாவில் மட்டுமே இருக்கின்றன. அந்த முதியோர் ஒருவர் ஒருவராக மலையிறங்கும்போதும், மறையும்போதும், ஒரு கோயிலின் வரலாறு முழுவதும் அவர்களோடு போய்விடுகிறது.

ஓலப்பாளையத்தில் நடந்த பதிவு

இவ்வாறு போகவிருந்த ஒன்று போகாமல் தங்கியதற்குக் கொங்கு நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் சுவாமியின் கதை கொங்குக் கிராமங்களில் பாடகர்கள் இரவிரவாகப் பாடிவந்த கதை. படுகளம் என்னும் சடங்கில் பக்தர்கள் அருள்வந்து வீழ்ந்து எழுவதும் அக்கதையைச் சார்ந்ததே. 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் ஆய்வாளர், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையம் என்னும் சிற்றூரில் தங்கி ஆய்வு செய்தார். 1965இல் அங்கே பல இரவுகள் தொடர்ந்து பாடப்பட்ட அக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டார். பின்னர் அது எழுத்தாக்கப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு நூலாகவும் வந்தது. இன்னும் பின்னாளில் சிறுவர் பார்க்கும் அசைவூட்டப் படத்தொடராகவும் உருவெடுத்தது.

அக்காலத்து ஒலிப்பதிவுக் கருவி கனமானது, விலை மிகுந்தது, நாடா தீர்ந்தால் நகரத்துக்கு அலைய வேண்டும். கடல் கடந்து வந்த ஒருவர் அவ்வளவு தொல்லையையும் ஏற்றுச் செய்த பணியை, இன்று பேரனின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி எளிதாகச் செய்துவிடும். குறைவது கருவியன்று, இது காக்கத்தக்கது என்னும் எண்ணமே.

கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியபின், பொன்னியின் செல்வனைத் தம் வீட்டு அறையில் அமர்ந்து அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து வலையொலியாக வெளியிட்ட தமிழர்கள் பலர். அவர்கள் தொழில்முறை அறிவிப்பாளர்கள் அல்லர். தினமும் சிறிது நேரம் ஒதுக்கினார்கள், தொடர்ந்து செய்தார்கள். கண்பார்வை குன்றிய எத்தனையோ பேர் அதனால் பயன்பெற்றார்கள்.

கேட்கும் முறை

தொடங்குபவர் முதலில் நன்றாகக் கேட்கப் பழக வேண்டும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட், யூடியூப் ஆகியவற்றில் வலையொலிகள் கிடைக்கின்றன. கைப்பேசியில் தட்டச்சு செய்யத் தடுமாறுபவர்கள் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டு, 'பெரிய புராணம் சொற்பொழிவு' என்று தமிழிலேயே சொன்னால் போதும்.

மலைப்பகுதிகளில் இணையத் தொடர்பு அறுந்து அறுந்து வரும். அதற்கு எளிய வழி, தொடர்பு நன்றாக உள்ள இடத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது. நடுத்தரமான ஒலித்தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 30 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். தினசரி ஒன்றரை ஜிபி தரவுத் திட்டம் வைத்திருப்பவருக்கு இது மிகச் சிறு செலவு. பொள்ளாச்சிக்கு மருத்துவரைப் பார்க்க இறங்கும் நாளில் பத்துச் சொற்பொழிவுகளை இறக்கிக்கொண்டால், மழைக்காலம் முழுவதற்கும் துணையாகும்.

பேச்சு வேகமாக இருந்தால் வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்கும் வசதி இருக்கிறது. உறங்கும் முன் கேட்பவர்கள், அரை மணியில் தானாக நிற்கும்படி நேரம் குறித்துக்கொள்ளலாம். செவிப்பொறி அணிபவர்கள் ஒலியளவை அறுபது விழுக்காட்டுக்குள் வைப்பது செவிக்கு நலம்; சிறிய ஒலிபெருக்கி ஒன்று அதைவிட நலம். அதில் கேட்டால் வீட்டார் அனைவருக்கும் கேட்கும்.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். நாள் முழுதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் பேச்சு சிரவணம் ஆகாது. மாலை விளக்கேற்றியபின் இருபது நிமிடம், கைவேலையை ஒதுக்கிவைத்துக் கேட்பது போதும். கேட்ட பின் அதில் ஒரு செய்தியை வீட்டில் உள்ள ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பது மேலும் நல்லது. சொன்னால்தான் கேட்டது தங்கும்.

வீட்டிலேயே பதிவு செய்ய

வால்பாறையின் ஓர் எஸ்டேட்டில் பாட்டி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோவையில் கல்லூரியில் படிக்கும் பேத்தி பொங்கல் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இருவருமாகச் சேர்ந்து எப்படிப் பதிவைத் தொடங்கலாம்?

முதலில் காலம். தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தகரக் கூரையின்மேல் விழும் மழையின் ஓசையில் எந்தக் குரலும் எடுபடாது. தமிழகத்தில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு அருகில்தான் இருக்கிறது. ஆகவே தை, மாசி மாதங்களே ஏற்றவை. நேரம், வைகறையோ, இரவு உணவுக்குப் பின்னோ.

அடுத்து இடம். பெரிய, வெறுமையான அறையில் குரல் எதிரொலிக்கும். துணிகள் மடித்து வைத்திருக்கும் சிறிய அறை சிறந்தது. சுவரோரம் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். கைப்பேசியை 'விமான நிலை'யில் வைத்துவிட்டால் இடையில் அழைப்பு வராது. கைப்பேசியைக் கையில் பிடிக்காமல், மடித்த துண்டின்மேல் வைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் சற்றுப் பக்கவாட்டில் இருக்கும்படி செய்ய வேண்டும். நேர் எதிரே வைத்தால் மூச்சுக்காற்று மோதி இரையும்.

முதலில் அரை நிமிடம் பேசிப் பதிந்து, கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் பதிவு செய்தபின் ஒலி விழவில்லை என்று அறிவதைப்போன்ற வருத்தம் வேறில்லை. பிறகு நாள், மாதம், ஆண்டு, ஊர், பேசுபவரின் பெயர் ஆகியவற்றைக் குரலாலேயே சொல்லித் தொடங்க வேண்டும். கணக்கேட்டின் முதல் வரியில் தேதி எழுதுவதுபோல் இது இன்றியமையாதது. ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேட்பவருக்கு அதுவே சாசனம்.

ஒரு பதிவுக்குப் பத்து நிமிடம் போதும். 'பாட்டி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால், 'என் கதையில் என்ன அம்மிணி இருக்கிறது' என்ற விடைதான் வரும். 'நீங்கள் சிறுமியாக இருந்தபோது கோயில் பொங்கலுக்கு யார் முதற்பானை வைப்பார்கள்?', 'பழனிக்கு நடந்துபோனபோது இரவில் எங்கே தங்கினீர்கள்?', 'இந்தக் கும்மிப் பாட்டை யார் சொல்லிக்கொடுத்தார்?' என்று ஒன்றொன்றாகக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். முதியோர் இடையில் நிறுத்துவது மறந்ததால் இராது. நினைவு மேலெழும் நேரம் அது. அந்த மௌனத்தில் பேத்தி அவசரப்பட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டால், வரவிருந்த செய்தி திரும்பப் போய்விடும்.

பிழை நேர்ந்தால் பதிவை நிறுத்தத் தேவையில்லை. ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வரியை மீண்டும் சொன்னால், பின்னர் திருத்தும்போது கைதட்டிய இடம் திரையில் உயரமான கோடாகத் தெரியும். 'அடாசிட்டி' என்னும் மென்பொருள் 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. கணினி அறிந்த பிள்ளைகளுக்கு அதில் வெட்டி ஒட்டுவது அரை மணி வேலை. இருமலையும் நாற்காலி ஓசையையும் நீக்கலாம். பாட்டியின் பேச்சு வழக்கை நீக்கலாகாது. 'அப்படீங்', 'வந்தானுங்க' என்பனவும் அந்தக் குரலின் அழகே.

பதிவை வெளியிடுவதா, குடும்பத்துக்குள் வைப்பதா என்பது பேசியவரின் விருப்பம். வெளியிட விரும்பினால், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் கட்டணமின்றி ஏற்றுக்கொள்கின்றன. குடும்பத்துக்குள் என்றால் வாட்ஸ்அப் குழுவே போதும். எதுவாயினும் மூன்று இடங்களில் படி இருக்க வேண்டும்: கைப்பேசியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறூரில் வாழும் பிள்ளையிடம் ஒன்று. ஏட்டைச் செல் அரித்தது. கைப்பேசி தண்ணீரில் விழும். முன்னோர் பழைய ஓலை நைந்துபோகும் முன் புது ஓலையில் படியெடுத்தார்கள். அந்த வழக்கம் இதற்கும் பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

கோயிலுக்குள் சென்று பதிவு செய்யலாமே என்று சிலருக்குத் தோன்றும். 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களின் தூய்மையும் புனிதமும் கருதித் தமிழகக் கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்ய உத்தரவிட்டது. ஆகவே சந்நிதியில் வழிபாடு. வீட்டில் பதிவு என்று பிரித்துக்கொள்வதே முறை.

பதிகமோ கவசமோ ஓத விரும்பினால், தாமே ஓதிப் பதிவு செய்ய வேண்டும். தேவராய சுவாமிகள் அருளிய கந்த சஷ்டி கவசம் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல். சென்னிமலையில் அரங்கேறியது என்பது கொங்கு நாட்டு மரபு. அதை எவரும் ஓதலாம். ஆனால் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய இசைத்தட்டை எடுத்து வலையொலியில் சேர்ப்பது வேறு. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் ஆகாத நூலைப் படித்து வெளியிடவும், அது நாட்டுடைமை ஆகாததாயின், உரியவரின் இசைவு வேண்டும்.

வீட்டு முகவரி, தொலைபேசி எண், வங்கி விவரம் ஆகியவை பதிவில் இடம்பெறலாகாது. வலையொலி கேட்க எவரும் ஓடிபி எண் கேட்கமாட்டார்கள். கேட்டால் அது மோசடி. உறவினரின் குரலைப் போலவே போலிக்குரல் உண்டாக்கிப் பணம் பறிப்போரும் இக்காலத்தில் உளர். அவசரம் என்று பணம் கேட்டு அழைப்பு வந்தால், அதைத் துண்டித்து, தெரிந்த எண்ணுக்குத் தாமே அழைத்து உறுதி செய்ய வேண்டும். ஏமாற நேர்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடலாம்.

சிறுகச் சிறுக

வாரம் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் 520 நிமிடம். எட்டு மணி நாற்பது நிமிடம். பாட்டியின் குரலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு குடும்பத்திடம் சேர்ந்திருக்கும். எந்த வைப்புநிதியும் ஒரே ஆண்டில் இத்தகைய செல்வத்தைச் சேர்த்துத் தராது. இதற்குத் தவணை தவறினால் அபராதம் இல்லை. ஆனால் தொடங்காமலே காலம் கடந்துவிட்டால், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் கணக்குத் திறக்க முடியாது.

'எனக்கு என்ன தெரியும், என் குரலை யார் கேட்பார்கள்' என்று தயங்கும் மூத்தோர் உண்டு. காட்டுமன்னார்கோயிலில் பத்துப் பாசுரம் பாடிய யாத்திரிகர்களின் பெயர்கள் பெரும்பாலோர்க்குத் தெரியா. ஆயிரமும் அறிந்த வித்தகர்கள் அல்லர் அவர்கள். தெரிந்த பத்தை வாய்விட்டுப் பாடினார்கள், அவ்வளவே. அந்தப் பத்தைக் கேட்க ஒரு நாதமுனி அங்கே இருந்தார், நாலாயிரம் மீண்டது.

பாடுவது மூத்தோரின் பங்கு. அது எந்தச் செவியில் விழ வேண்டும் என்பதை ஆராவமுதன் அறிவான். வரும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபின், பேரப்பிள்ளையை அருகில் அழைத்து, ஒரு சாண் தொலைவில் கைப்பேசியை வைக்கச் சொல்லி, நாளும் ஊரும் பெயரும் கூறி, தெரிந்த ஒரே ஒரு பாட்டை மூத்தோர் பாடித் தொடங்கலாம்.